நிகர எடை

புதுவயல் அரிசி ஆலையில்
எடை மேடைச் சீட்டு எழுதுகிறவள் நான்.
லோடோடு ஒரு முறை, இறக்கிவிட்டு ஒரு முறை,
கழித்தால் வருவதுதான் நெல்.

ஜூன் கடைசியில் பாரலாச்சா கணவாய்க்குப் போய்வந்தேன்.
சீட்டு விழுந்தது (எழுதுகிற சீட்டு இல்லை, கட்டுகிற சீட்டு),
போனேன், அவ்வளவுதான்.
வேனில் பதினோரு பேர்.
மேலே இருபது நிமிஷம் என்றார் டிரைவர் நோர்பு.

பனி வெள்ளையாக இருக்கும் என்றுதான் போனது.
சாலையோரப் பனியில் டீசல் புகை படிந்து
எங்கள் பாய்லர் கொட்டகைச் சுவர் மாதிரி இருந்தது.
கோட்டையூர் தம்பதி
மஞ்சள் பலகைக்கு இரண்டு பக்கமும் நின்று போட்டோ எடுத்தார்கள்.
எனக்குத் தலை இடித்தது.
பத்தடி நடந்தால் நெஞ்சு
உமி அடைத்த சல்லடை.
பையில் பிஸ்கட் பாக்கெட் வெடிக்கிற மாதிரி ஊதியிருந்தது.
கும்பிட வேண்டும் போலிருந்தது,
எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.
கடைசி மடக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டு
பாட்டிலை இறுக மூடிப் பைக்குள் போட்டேன்.
குப்பைத்தொட்டி எதுவும் கண்ணில் படவில்லை.

மணாலியில் அதற்கு இடுப்பு ஒட்டியிருந்தது.
டெல்லியில் விலா தெரிந்தது.
காரைக்குடியில் பல்லவனை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்து
பையைப் பிரித்தால், யாரோ மிதித்துப் போட்ட கோலம்.
“யாருடி இதுமேல உட்கார்ந்தது?” என்றாள் அக்கா.
யாரும் உட்காரவில்லை.

பாய்லர் பார்க்கும் சோலைமலை
வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
“உள்ளே காத்து கம்மி. நம்ம ஊர்க் காத்து அமுக்குது.”
சொல்லிவிட்டு அடுப்புக்குப் போய்விட்டார்.

நாற்பத்தாறு வருஷம்.
சும்மா இருக்கிறது என்று நினைத்த ஆகாயம்
இறக்கிவைக்க ஆள் வராத மூட்டையாய்
என் தோளில் உட்கார்ந்திருந்திருக்கிறது.
இருபது நிமிஷம்
அதில் பாதியை இறக்கியிருக்கிறேன்.
அதற்குத்தான் அந்தத் தலைவலி.

மத்தியானம், லாரி வராத நேரம்,
மூடியைத் திருகினேன்.
மலை வெளியே வரும் என்று
மூக்கைக் கிட்டே வைத்திருந்தேன்.
உஸ்ஸென்று
தொட்டியில் அவிந்துகொண்டிருந்த நெல்லின் வாசனை
உள்ளே போனது.
டப், டப் என்று பாட்டில் நிமிர்ந்தது,
அடியில் ஒரு மடிப்பைத் தவிர.

ஹாரன்.
கல்லல் வண்டி மேடையில் ஏறி நின்றது.
நம்பர் ஆடி அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
டிரைவர் சீட்டிலேயே சாய்ந்து பீடி பற்றவைத்தார்.
“இறங்குங்கண்ணே” என்றேன்,
“உங்க எடையும் சேருது.”