பதின்மூன்றாவது வரி

"இவ்வருஷத்து விசேஷங்கள். பன்னிரண்டு வரி.
பதின்மூன்றுக்கு இடமில்லை ஞானாதிக்கம்"
என்று சீட்டை நீட்டினார் மரைக்காயர்.
வாய் நிறைய வெற்றிலை.
பினாங்குக் கடைத்தெருவில் டிசம்பர் மழை,
ரிக்ஷாக்காரன் முழங்கால்வரை.

எழுத்துக் கோக்கிறவன் நான்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து முழுவதும்
எனக்குத் தலைகீழாகத்தான் வந்து சேர்ந்தது.

பங்குனியில் ஒருத்தி வந்தாள்,
நிபோங் திபாலில் கரும்பை அழித்து
றப்பர் நட்ட தோட்டத்திலிருந்து.
பேர் ஆவுடைத்தாய்.
காணோம், அவள் புருஷன் பிறவிப்பெருமாள்,
இடது காதில் கடுக்கன்,
வலது முழங்கையில் அரிவாள் தழும்பு.
மூன்று வரி. வரிக்கு எட்டுக் காசு.
முடிச்சில் பதினெட்டு இருந்தது.
மிச்சம் ஆறு வந்தால் அச்சேறும் என்றார் மரைக்காயர்.
அதற்குள் நான் கோத்து முடித்திருந்தேன்.
பிரித்துப் போடக் கை வரவில்லை.
நூல் சுற்றி மூலைப் பலகையில் வைத்தேன்.

சித்திரையில் றப்பர் ஏறியது பாருங்கள்,
தொங்கான் தள்ளுகிறவன்கூடப்
பங்கு விலை கேட்டுவிட்டுத்தான் மூட்டை தூக்குவான்.
ஒரு பக்கத்தில் நாற்பது இடத்தில் றப்பர்.
பெட்டியில் ற தீர்ந்தது. ப் தீர்ந்தது.
மூலைப் பலகையிலிருந்து
ஒரு ற, ஒரு ப் எடுத்தேன்.
கடன்தான். நாளைக்கே வைத்துவிடலாம்.

மே ஆறாம் தேதி லண்டனில் ராஜா போனார்.
பக்கத்துக்குப் பக்கம் கறுப்புக் கட்டம்.
ஈயக் கோடு போதாமல்
கல்யாணப் பத்திரிகைக் கொடிகளைக் கவிழ்த்து அடுக்கினேன்,
யாருக்கும் தெரியவில்லை.
மாட்சிமை தங்கிய மன்னருக்கு
ஒரு ம குறைந்தது.
எங்கே எடுத்தேன் என்று கேட்க வேண்டாம்.

அந்த மாதமே விடியுமுன், அக்கரைக்கு மேலே,
வால் நீட்டிக் கிடந்தது அது.
சீனர்கள் வெடி போட்டார்கள்.
மாதாகோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை,
நானும் நின்றேன்,
ற திருடியதைச் சொல்லவில்லை.
மறுநாள் அச்சுக்கூடத்தில்
வாலுக்குக் கால் போதவில்லை.
சிரிக்காதீர்கள், துணைக்காலைச் சொல்கிறேன்.

இப்படியாக
பிறவிப்பெருமாள்
பி விபெரு ள் ஆனான்.
கடுக்கனும் தழும்பும் அப்படியே இருந்தன.

இப்போது இந்தச் சீட்டு.
முதல் வரி றப்பர் (ஏறியதை எழுதியவர்
இறங்கியதை எழுதவில்லை, அவரிடமும் பங்கு இருந்தது).
இரண்டாவது மன்னர். மூன்றாவது வால்நட்சத்திரம்.
கோலாலம்பூரில் புது ரயில் நிலையம்,
சடையை அறுத்துக்கொண்ட சீனப் பையன்கள்,
குதிரைப் பந்தயம்,
அதற்கும் கீழே, பதினொன்றாவதாக:
ஒப்பந்தக் கூலி முறை இனி இல்லை.
அவ்வளவுதான். முற்றுப்புள்ளி.

கோத்துவிட்டேன்.
அப்புறம் அவள் முடிச்சவிழ்த்த விரல்கள் ஞாபகம் வந்தன.
பால்கறை ஏறி, நகம் எது தோல் எது என்று தெரியாத விரல்கள்.

விளக்கைத் தணித்துவிட்டு
கடனைத் திருப்பினேன்.
றப்பரிலிருந்து ற, ப்.
மன்னரிலிருந்து ம.
வாலிலிருந்து கால்.
நூலை அவிழ்த்துப் பக்கத்தின் அடியில்
மூன்று வரியையும் நெருக்கி வைத்தேன்.
தந்தி விலாசமும் ஆசிரியர் பேரும்
இருந்த இடம் அது.

விடிந்ததும் தீவெங்கும் போயிற்று:
பர் விலை உயர்வு. ன்னர் மறைவு. வல்நட்சத்திரம்.
ஒருவரும் புகார் எழுதவில்லை.
மரைக்காயர் மட்டும் பார்த்தார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார்.
எழுத்துக்கு ஒரு காசு, நான்கு.
அவள் பாக்கி ஆறு.
பத்துக் காசு என் சம்பளத்தில் பிடித்தார்.
தன் பேர் போனதற்கு எதுவும் பிடிக்கவில்லை.

தைப்பூசக் கூட்டத்தோடு படகேறி வந்தாள்.
கையில் ஆறு காசு.
கட்டியாயிற்று என்று பத்திரிகையை விரித்தேன்.
"இதிலே எது அவுக?"
தொட்டுக் காட்டினேன்.
சுண்டுவிரலால் அளந்தாள்,
பி-யில் தொடங்கி ள்-ளில் நின்றாள்.
"இம்புட்டு நீளமா அவுக பேரு."

பிறகு கேட்டாள்,
அடுத்த வாரமும் போட எவ்வளவு என்று.