அறுபத்து நான்கு ராத்தல்

முதலில் மூன்று பீப். திரை கறுப்பு.
அணைத்து, இடுப்பில் ஒரு தட்டு தட்டிப் போட்டால்
எதுவுமே நடக்காத முகத்தோடு எழுந்துவரும்
எங்கள் ரப்பர் கடைக் கணக்கு.
"முடோன் மழைக்கு அதுக்கும் சளி" என்பார் சன்னாசி.
பதினான்கு வயது மெஷின். நானும் சிரித்துவைப்பேன்.

மீ சந்தா சைக்கிளில் கொண்டுவந்தது முப்பத்தேழு ராத்தல்.
தராசு சொன்னது முப்பத்தேழு.
என் விரல் தட்டியது முப்பத்தேழு.
சாயங்காலம் பட்டுவாடாவில்
திரை சொன்னது நூற்றொன்று.
எண்ணிக் கொடுத்தேன்.
எண்ணாமல் வாங்கிக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் சன்னாசிக்கு உறைத்தது.
"நூத்தியொண்ணா? அவ சைக்கிளே தாங்காதே!
பவுனு, கண்ணாடிய மாத்து."

கண் சரியாகத்தான் இருந்தது.
பக்கத்துப் பலகையைக் கழற்றினேன்.
தூசி, ஒரு பல்குச்சி, இரண்டு மெமரிப் பட்டை.
ஒன்றைப் பிடுங்கி மற்றதைப் போட்டேன், பீப்.
அதைப் பிடுங்கி இதைப் போட்டேன், ஓடியது.
இடம் மாற்றினேன். இரண்டுமே ஓடின.
ஓடுவதை நம்பலாமா?

கரண்ட் வந்தது இரவு பதினொன்றுக்கு.
சோதனைத் தட்டைச் செருகிவிட்டு
ஷீட்டுக் கட்டுகள்மேல் சாய்ந்து உட்கார்ந்தேன்.
புகைபோட்ட ரப்பரின் வாடை, வெளியே மழை,
ஒரு மணிக்குச் சிவப்புச் சிவப்பாக வரிகள்.
தப்பு நேரும் இடம் மாறிக்கொண்டே இருந்தது,
தப்பு மட்டும் மாறவில்லை:
எப்போதும் நாற்பது.
பதினாறின் கணக்கில் நாற்பது என்றால்
நம் கணக்கில் அறுபத்து நான்கு.
முப்பத்தேழோடு கூட்டிப் பார்த்தேன்,
விரல்விட்டு.

எத்தனையோ கம்பிகளில் ஏழாவது மட்டும்
அணைய மறுத்து எரிந்துகொண்டிருக்கிறது.
"மெமரி போச்சு" என்று சன்னாசி ஊரெல்லாம் சொல்கிறார்.
போகவில்லை.
அது கூடுதலாக நினைத்துக்கொண்டது.

காரணம் மேசைக்கு அடியிலேயே இருந்தது.
பாலை உறையவைக்கும் ஆசிட் கேன்,
மூடிக்குப் பதில் கந்தல் துணி.
அதன் மூச்சை இழுத்து இழுத்து உள்ளே விட்டிருக்கிறது
பாவப்பட்ட காற்றாடி.
பட்டையின் தங்கப் பற்களில் பாசி நிறம்.

சுற்றிலும் ஏழாயிரம் ராத்தல் ரப்பர்.
தேய்த்து அழிக்க ஒரு ரப்பர் இல்லை கடையில்!
பள்ளிக்கூடத்துக்கு எதிர்க் கடையில்
கரடி பொம்மை ரப்பர்தான் கிடைத்தது, ஸ்ட்ராபெரி வாசம்.
கரடிக்கு ஒரு காது போகும்வரை தேய்த்தேன்.
ஊதி, அழுத்தி, கிளிக்கென்று கேட்கும்வரை செருகி
மறுநாள் ராத்திரி மறுபடி சோதனை.
மூன்று மணிக்குக் கரண்ட் போகும்வரை
ஒரு சிவப்பும் இல்லை.

அப்புறம்தான் வேலையே.
மூன்று மாதத்துத் தராசுச் சீட்டுகளைத்
திரையோடு ஒத்துப் பார்க்கச் சொன்னார்.
பார்த்தேன்.
அறுபத்து நாலுக்கு மேல் இறக்கியவர்களுக்கு
அந்த விளக்கு முன்னமே எரிகிறது.
அவர்களுக்கு ஒரு ராத்தலும் கூடவில்லை.
கூடியதெல்லாம்
சைக்கிளில் வருகிறவர்களுக்கு, தலையில் சுமந்து வருகிறவர்களுக்கு.
இருபத்திரண்டு எண்பத்தாறாக,
ஒன்பது எழுபத்து மூன்றாக.

இதை சன்னாசியிடம் சொல்லவில்லை.
அந்த இரண்டு சீட்டும் ஒழுகலில் நனைந்துவிட்டன
என்று எழுதினேன்.
கூரை ஒழுகுவது உண்மைதான்.

மீ சந்தா மட்டும் மாட்டிக்கொண்டாள்.
பணம் எங்கே என்றதற்கு மேலே கை காட்டினாள்:
தகரம் வாங்கிப் போட்டாயிற்று.
சன்னாசி கத்தவில்லை. வாசலில் நின்று
கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார்.
"வரும்போதெல்லாம் நாலு ராத்தல் கழிச்சுக்க."
பதினாறு தடவை.

அதை மெஷினில் ஏற்றவில்லை.
நோட்டில் பென்சிலால் கோடு போடுகிறேன்.
நேற்று போட்டது ஒன்பதாவது.
மேசை இழுப்பறையில்
ஒற்றைக் காதுக் கரடி கிடக்கிறது.