இருபதாம் தேதி

அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு போகிற சாலையில்
பெயின்ட் கடை.
கல்லாவுக்குக் கீழே ஒரு பழைய எனாமல் டப்பா,
மூடி மட்டும் நீலம்.
அதில் இருப்பது என் பணமில்லை என்று
எனக்கே அடிக்கடி சொல்லிக்கொள்வேன்.

நூறு ரூபாய் சரக்கை
நூற்றுப் பதினெட்டுக்குத் தருகிறேன்.
அந்தப் பதினெட்டு,
கூட்டமான பஸ்ஸில் நிற்கிறவள்
"கொஞ்சம் வச்சுக்குங்க" என்று
என் மடியில் இறக்கிவிட்ட குழந்தை.
கொஞ்சலாம். அவள் இறங்கும் இடத்தில்
கொடுத்துவிட வேண்டும்.

சரக்கு வாங்கும்போதே கம்பெனியிடம் நான் கொடுத்த வரி
பதினைந்து ரூபாய் முப்பது காசு.
அதைக் கழித்தால் நான் கட்ட வேண்டியது
இரண்டு ரூபாய் எழுபது காசு.
இதற்குத்தான் ஆடிட்டர் ஆபீஸ் ஜமுனா
மாதாமாதம் இருபதாம் தேதி காலையில்
போனில் அப்படிக் கத்துகிறாள்.

விலையில் எனக்கு நிற்பது பதினைந்து ரூபாய்.
அது முழுக்க என்னுடையது என்றுதான்
கடை திறந்த புதிதில் நினைத்தேன்.
வாடகை எடுத்துக்கொண்டது.
செல்வின் சம்பளம்,
கலர் கலக்கும் மெஷினின் தவணை,
கரண்ட், ஆட்டோ வாடகை,
கடன் சொல்லிப் போன பெயின்டர்கள்.
இரண்டு ரூபாய் தங்கும். தங்காமலும் போகும்.
அதைத்தான் வருஷத்துக்கு ஒருமுறை, ஜூலையில்,
இன்னொரு துறை விசாரிக்கும்:
எல்லாம் போக உனக்கென்று என்ன மிச்சம்?
முதல் தடவை அந்தக் கட்டத்தைப் பார்த்தபோது
கண் கலங்கியது.
வீட்டில் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

போன மாசியில் கான்ட்ராக்டர் அல்போன்ஸ் வந்தார்.
உடையாப்பட்டி தாண்டி புதுக் கல்யாண மண்டபம்.
நூற்றிருபது பக்கெட், ஐவரி.
"பில்லை இன்னிக்கே போடுங்க, பணம்
முகூர்த்தம் முடிஞ்சதும்."
போட்டேன்.
எத்தனையோ முகூர்த்தம் முடிந்தது.

இருபதாம் தேதி வந்தது.
கழிக்க வேண்டியதைக் கழித்தும்
பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது.
"ஒரு பைசா வரலையே ஜமுனா."
"பில் போட்டாச்சுல்லக்கா."
நீல மூடியைத் திறந்தேன்.
மகளின் ஹாஸ்டல் பணத்துக்கு
ஜனவரியில் கைவைத்தவள் நான்தான்,
டப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை.
தள்ளிக் கட்டினால் வட்டி எவ்வளவு என்றேன்.
வருஷத்துக்குப் பதினெட்டு என்றாள்.
அந்த எண்ணுக்கு என்மேல் ஏதோ ஆசை.
செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வளையலைக் கழற்றினேன்.

பங்குனியில் குடோன் ஒழுகி
இருநூறு மூட்டை புட்டி கல்லாகிவிட்டது.
விற்காமல் வீணானதால்
அதற்குக் கழித்த வரியையும் திருப்பிக் கட்டச் சொன்னார்கள்.
மலைமேல் பெய்த மழை
கீழே எனக்கு ரசீதோடு வந்தது.

ஜூலையில் ஜமுனா கத்தவில்லை.
"நஷ்டம்தான்க்கா. வருமான வரி பூஜ்யம்."
ஏதோ பரிசு விழுந்ததுபோல் சொன்னாள்.
நஷ்டத்தைப் பார்த்ததும் அது
வாசலோடு திரும்பிப் போய்விட்டது.
இருபதாம் தேதிக்கு அந்த இங்கிதம் தெரியாது.
நான் பிழைத்தேனா என்று கேட்காது;
விற்றாயா என்று மட்டும்.

ஆவணியில் அந்த மண்டபத்திலேயே ஒரு கல்யாணம்.
பெண் வீட்டார் என் வாடிக்கை.
பந்திக்கு நின்ற வரிசையில்
சுவரில் கை ஊன்றினேன்.
விரலில் மாவாக ஒட்டியது ஐவரி.
ஒரு கோட் குறைத்து,
தண்ணீர் கூட்டி அடித்திருக்கிறார்.
மிச்ச பக்கெட்டுகள் எந்தச் சுவரில் இருக்கின்றனவோ,
எல்லாவற்றுக்கும் வரி கட்டியாகிவிட்டது.

முந்தானையில் துடைத்துக்கொண்டு
இலையில் உட்கார்ந்தேன்.
பாயசம் இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டேன்.
அன்று தேதி பத்தொன்பது.