மூன்றாம் மாடி, ஹொரமாவு

விளம்பரத்தில் ஆயிரத்து இருநூற்று ஐம்பது சதுர அடி.
என் லேசர் அளவியில் தொள்ளாயிரத்து எட்டு.
மிச்சம் எங்கே என்று கேட்காத ஆளில்லை.
லிஃப்ட் குழியில், படிக்கட்டில்,
காவலாளி துண்டு விரித்துத் தூங்கும் மூலையில்
கிடக்கிறது உங்கள் முன்னூற்றுச் சொச்சம்.
போய்ப் படுத்துக்கொள்ள முடியாது,
வட்டி மட்டும் கட்டலாம்.

பதினேழு வருஷமாய் வங்கிகளுக்காக
அடுத்தவர் வீட்டுக்கு விலை சொல்லிப் பிழைப்பவள் சொல்கிறேன்:
ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போகாதீர்கள்,
அன்றைக்கு எல்லா வீடும் தலைவாரிப் பொட்டு வைத்திருக்கும்.
வேலைநாள் சாயங்காலம், மழை விட்ட அரைமணியில் போங்கள்.
தண்ணீரைப் பற்றி உரிமையாளரிடம் கேட்காதீர்கள்,
கார் துடைக்கும் பையனைப் பிடியுங்கள்,
மார்ச்சில் நாளைக்கு எத்தனை லாரி?
ஏ காத்தாவா, பி காத்தாவா?
ஓ.சி. வந்ததா, "வந்துடும்" என்கிறாரா?
("வந்துடும்" என்ற சொல்லுக்கு
நான் மனசுக்குள் ஐந்து சதவீதம் கழிப்பேன்.)
கிராம வரைபடத்தில் நீலக் கோட்டைத் தேடுங்கள்.
மேலே கான்கிரீட் போட்டாலும்
ராஜகால்வாய்க்கு ஞாபகசக்தி அதிகம்,
செப்டம்பர் ராத்திரி ஒன்றில்
தன் பழைய இடத்தைக் கேட்டு பார்க்கிங்குக்கு வரும்.
அப்புறம், சுவரில் காலண்டர் தொங்கினால்
தூக்கிப் பாருங்கள்.

இவ்வளவும் தெரிந்தவள்தான்.

நாகவேணியம்மா போன மாதம் வாடகை வாங்க வந்தவர்
காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.
மகன் ஜெர்மனியிலேயே தங்கிவிட்டானாம்,
விற்றுவிடலாம் என்றிருக்கிறாராம்.
ஒன்பது வருஷம் இருந்தவள், முதலில் உனக்குத்தான்.
எண்பத்தாறு லட்சம்.

இந்தத் தெருவில் சதுர அடி என்ன போகிறதென்று
தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.
அன்றைக்கு வாயில் வந்தது
"சரிம்மா" மட்டும்.

என் கடனுக்கு நானே மதிப்புப் போடக்கூடாது, விதி.
பெள்ளியப்பா வந்தான்.
விரல் முட்டியால் சுவர்களைத் தட்டினான்,
டைல்ஸில் எங்கே பொள்ளல் என்று குதிகாலால் கேட்டான்,
ஃப்ளஷை இழுத்துவிட்டு வாட்சைப் பார்த்தான்.
படுக்கையறையில் மளிகைக்கடைக் காலண்டர்.
தூக்கினான்.

ஒரு முறத்தளவு ஈரம்.
ஒவ்வொரு ஜனவரியும் புதுக் காலண்டரை
அதே ஆணியில் மாட்டியது
என் கைதான்.

நாலு லட்சம் குறைத்து எழுதினான்.
லாபம் எனக்கு.
ஆனாலும் சுள்ளென்றது.
"மேல்வீட்டு ஜோஷியோட பாத்ரூம் குழாய்ப்பா அது,
பன்னிரண்டாயிரத்துல முடியுற வேலை, நாலு லட்சமா?"
கிழக்கு ஜன்னலைத் திறந்து காட்டினேன்.
சமையலறையில் நின்றால் காற்று வரும் பக்கத்தைக் காட்டினேன்.
அவன் பேனாவை மூடினான்.
"மேடம், நீங்க வாங்கறவங்களா, விக்கறவங்களா?"

காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு.
இது என் குஞ்சுகூட இல்லை,
மாதம் இருபத்துநாலாயிரம் கொடுத்து அடைகாத்தது.

முப்பது வருஷ வில்லங்கச் சான்றுக்கு மனுப் போட்டிருக்கிறேன்.
அது வரும்வரை முன்பணம் ஒரு ரூபாய் தரமாட்டேன்,
அதில் மட்டும் நான் பழைய ஆள்.
எண்பத்திரண்டு என்று அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும்,
காபி கொடுத்துவிட்டா, கொடுப்பதற்கு முன்பா?
காலண்டர் கட்டிலுக்கடியில் கிடக்கிறது.
விளக்கை அணைத்த பிறகும் தெரிகிறது சுவரில் அந்த இடம்.
கீழே லாரி பின்னோக்கி வரும் சத்தம்.
விரலை மடக்குகிறேன்.
இன்றைக்கு இது ஐந்தாவது.