ஐந்தாம் கதை, மூன்றாம் டேக்

தண்டையார்பேட்டையில் இரண்டாம் மாடி அறை.
ஜன்னலுக்கு மெத்தை, கதவிடுக்கில் பழைய லுங்கி.
மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பதிவு.
கீழே கன்டெய்னர் லாரி ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம்
நண்டு வசனத்தைப் பாதியில் விட்டுவிட்டு
பாவாடையால் முகம் துடைத்துக்கொள்ளும்.

நண்டு, மோனிஷா.
நான்காம் வகுப்பு, காட்டுக்குப்பம்.
முன்பல் விழுந்த சந்தில்
எல்லா 'ச'வும் காற்றாகிப் போகிறது.
அதற்காகவே அவளை எடுத்தேன்.

மழைக்கு, முறத்தில் கடுகு.
நாரை பறக்க, என் குடையை விரித்து மூடவேண்டும்.
அலையாத்திக் காட்டின் காற்றுக்கு
மளிகைக்கடைப் பையை மைக்கருகே கசக்கினால் போதும்.
ஆற்றில் பை போடாதே என்று
நாரை பாடும் இடத்தில்
பின்னால் வீசுவது அதே பை.
பிள்ளைகளிடம் நான் இதைச் சொல்லவில்லை.

ஆறுதான் வரவில்லை.
பக்கெட்டில் அளைந்தால் யாரோ குளித்தார்கள்.
தட்டில் ஊற்றினால் யாரோ கை கழுவினார்கள்.

ஞாயிறு விடியுமுன் எண்ணூர்.
மைக்குக்கு ஒரு கம்பளிக் காலுறை மாட்டி
மோனிஷாவின் அம்மா தேசம்மாள் தள்ளிய படகில்
நானும், சும்மா வேடிக்கைக்கு வந்த
டோலக் ஏசுபாதமும்.
கொசஸ்தலையாறு கரையில் அரைத்த மாவாய்க் கிடந்தது.
கால் வைத்தேன், சாம்பல் கணுக்காலைப் பிடித்துக்கொண்டது.
தேசம்மாள் இடுப்பளவு நீரில் இறங்கி
ஓலைப்பெட்டியின் வாரைப் பல்லில் கடித்தபடி
கையால் இறால் தடவத் தொடங்கினாள்.
அந்தச் சத்தம் எந்தப் பக்கெட்டிலும் இல்லை.

ஹெட்போனில்
தண்ணீர் படகை நக்கியது.
எங்கோ இறால் சொடுக்குப் போட்டது.
எல்லாவற்றுக்கும் அடியில்
மூச்சு விடாத ஒரு ம்ம்ம்ம்.
நிமிர்ந்து பார்த்தேன். அனல்மின் நிலையம்.

இரண்டு இரவு கணினியில் அதை அறுத்தேன்.
அறுக்க அறுக்க ஆறும் கூடவே போயிற்று.
மிஞ்சியது குழாயில் கசியும் நீர்.

ஏசுபாதம் தோள் வழியே எட்டிப் பார்த்தார்.
"இன்னாத்துக்கு மேடம் அத்த அறுக்குற?
சுதிப்பொட்டி மாதிரி
அசையாம நிக்குது பாரு.
அதுலயே பாடிக்கலாம்."
டோலக்கின் கயிற்றை இழுத்து, தட்டி, இழுத்து
அந்த ம்ம்ம்மில் கொண்டுவந்து நிறுத்தினார்.
பிள்ளைகள் அரைக்கட்டை இறங்கிப் பாடினார்கள்.
நாரைக்கு மட்டும் குரல் உடைந்தது.

கதையின் கடைசி வரி நண்டுடையது.
'குழந்தைகளே, நாம் எல்லோரும் ஆற்றைக் காப்போம்!'
முதல் டேக்கில் லாரி.
இரண்டாவதில் மோனிஷா தாளைக் கவிழ்த்து வைத்தாள்.
"நண்டு இப்டிப் பேசாதுக்கா."
பின்னே?
"தண்ணி சுடுதுன்னு சொல்லும்."

கதை எழுதி அனுப்பியவர்கள்
நம்பிக்கையோடு முடிக்கச் சொல்லியிருந்தார்கள்.
அடிக்கோடு போட்டு.
நான் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

தண்ணி ஹுடுது, என்றது நண்டு.
பிறகு நான்கு விநாடி
யாரும் எதுவும்.
வழக்கமாக அந்த நான்கு விநாடியை
வெட்டி எறிவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

காட்டுக்குப்பம் அங்கன்வாடியில் போட்டுக் காட்டினோம்.
முட்டை சாப்பிட்ட கையோடு
முப்பது பேர் ஸ்பீக்கரைச் சுற்றி.
நாரை வந்ததும் கைதட்டல்.
நண்டு வந்ததும் எல்லோரும் திரும்பி
மோனிஷாவைப் பார்த்தார்கள்.
அவள் கதவில் சாய்ந்து நகம் கடித்தாள்.

கதை முடிந்தது. ஸ்பீக்கரை அணைத்தேன்.
சுதி நிற்கவில்லை.

ஒரு பொடியன் எழுந்துபோய்
ஸ்பீக்கரின் பின்பக்கம் குனிந்து பார்த்தான்.
காதை வைத்தான். என்னைப் பார்த்தான்.
பிறகு அரைஞாண் கயிற்றைப் பிடித்துக்கொண்டு
வாசலுக்கு நடந்தான்,
யார் வாசிக்கிறார்கள் என்று பார்க்க.