இன்னொரு எண்

செலட்டார் ஹில்ஸில் மூலை வீடு.
இரவு மூன்று மணிக்குத் தானாகவே அலறுகிறதாம்.
பக்கத்து வீட்டார் இரண்டு முறை
போலீசைக் கூப்பிட்டுவிட்டார்களாம்.
மேடம் ஓங் கதவைத் திறந்து
செருப்பு விடும் இடத்தைக் காட்டினார்,
பிறகு சுவரை.

பதினான்கு வயதுக் கீபேட்.
வெற்றிலைப் பல்லாய்ப் பழுத்த பிளாஸ்டிக்.
மூன்று, ஆறு, சைபர்
தேய்ந்து மொட்டையாகிவிட்டன.
மற்ற எண்கள் வாங்கிய அன்று போல.
திருடனுக்குக் கண் இருந்தால் போதும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில்
பேருந்துச் சீட்டின் பின்னால் கணக்குப் போட்டிருக்கிறேன்:
நான்கு எண் தேய்ந்திருந்தால் இருபத்து நான்கு வழி,
மூன்றே தேய்ந்திருந்தால் முப்பத்தாறு.
குறைவாகத் தெரிந்தால்
கூடுதலாகத் தேட வேண்டும்.
விடை சரிதான்.
எனக்குத்தான் இன்னும் முழுசாகச் செரிக்கவில்லை.

மூலப்பெட்டி பாம்ப் ஷெல்டருக்குள்.
அரிசி மூட்டை, மடக்கிய கிறிஸ்துமஸ் மரம்,
சீனப் புத்தாண்டின் சிவப்புக் கூண்டுகள்,
இவற்றுக்கு நடுவே
ஓர் ஆள் நீளத்துக்கு ஒரு மெத்தை,
பூப்போட்ட தலையணை.
தாண்டிப் போய் பேட்டரியைக் கழற்றினேன்.
சைரன் ஒரு விக்கல் விக்கி அடங்கியது.

மூடியை நெம்பினால்
பச்சை ஒயரை ஒட்டி இரண்டு பல்லிமுட்டை ஓடுகள்,
பொரித்துப் போனவை.
பல்லி சொன்னால் திசை பார்த்துப் பலன் சொல்வாள் என் மாமியார்.
இது சொன்னதற்கு
போலீஸ்காரர்கள் வந்திருக்கிறார்கள்.

சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை.
புதியதை மாட்டியதும் அதற்கு அதன் எண்ணைச் சொல்ல வேண்டும்,
நீ ஒன்று, என்று.
சொல்லாவிட்டால் விளக்கு மட்டும் எரியும்,
யார் விரலும் அதற்குத் தெரியாது.

பெட்டியின் நினைவு அழியவில்லை.
பயனர் நான்கு, திறந்தது, காலை 5.48.
பயனர் நான்கு, பூட்டியது, இரவு 10.35.
மறுநாளும் நான்கு. ஞாயிறும் நான்கு.
ஓராண்டு கீழே தள்ளிப் பார்த்தேன்.

பயனர் ஒன்று நீங்கள், மேடம்.
“ஆமாம், ஆமாம்.”
இரண்டு?
“அவர் இல்லை. எடுத்துவிடு.”
மூன்று?
“பெர்த்தில் என் மகன். இருக்கட்டும்.”
நான்கு?
அதற்குள் சமையலறைப் பக்கம் திரும்பி
“யாத்தி!” என்றார்.

புது எண்ணைப் போடும்போது
நான் திரும்பிச் சுவரைப் பார்த்து நிற்பேன்.
தொழில் மரியாதை.
மேடம் சோபாவில் இருந்தபடியே
“எதையாவது போடு, யாத்தி, எனக்கு மறந்துவிடும்” என்றார்.
பிப், பிப், பிப், பிப்.
உறுதி செய்ய இன்னொரு தரம்.
ஈரக்கையின் டெட்டால் வாசம்.

கடமைக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு:
யாராவது கழுத்தில் கத்தி வைத்துத் திற என்றால்
கடைசி எண்ணில் ஒன்றைக் கூட்டி அழுத்துங்கள்.
திறந்துகொள்ளும். சத்தம் வராது.
எல்லாம் ஒழுங்காய் நடப்பது போலவே இருக்கும்.
எங்கோ ஓர் அறையில் மட்டும்
ஒரு விளக்கு எரியும்.

“இங்கே அதெல்லாம் வேண்டாம்,” என்றார் மேடம்.
யாத்தி ஒன்றும் சொல்லவில்லை.
துளை போட்ட சுண்ணாம்புத் தூளைத்
துடைத்துக்கொண்டிருந்தவள்
துணியை நிறுத்தி, பிறகு துடைத்தாள்.
அந்த வசதியை நான் அணைக்கவில்லை.
மறந்துவிட்டேன் என்று ரசீதில் எழுத இடமில்லை.

வேனில் ஏணியைக் கட்டும்போது
குப்பைத் தொட்டியோரம் அவள் குரல்,
போனில் ஒரு குழந்தையின் முகம்.
“பாயிக், பாயிக்,” என்றாள்.
நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்.
இரண்டாவது பாயிக்
ஒரு படி மேலே ஏறிப் போயிற்று.

பழைய கீபேட் டேஷ்போர்டில் கிடக்கிறது.
யீஷூன் சிக்னலில் சிவப்பு விழுந்தபோது
அந்த மூன்று மொட்டை எண்களைத் தொட்டுப் பார்த்தேன்.
சைபர்தான் அதிகம் குழிந்திருந்தது,
என் விரலை விடச் சிறிய குழி.