நாற்பத்தோராம் கல்

அளவு நாடாவின் பூச்சிய முனையைப் பிடிக்கிறவள் நான்.
மற்ற முனை கொழும்பிலிருந்து வந்த பொறியியலாளரிடம்.
இடையில் குருநகர்.

இறங்குதுறையில் தொடங்கிக் கோட்டைப் பக்கமாக
அறுநூற்றி இருபது மீற்றர் நடைபாதை வரும்.
வரைபடத்தில் அது ஏற்கனவே வந்துவிட்டது:
வாங்கில்கள், விளக்குக் கம்பங்கள்,
பிள்ளையின் கைபிடித்து நடக்கும்
முகமில்லாத சாம்பல்நிற மனிதர்.
நண்டுக்கூடு காயும் இடத்தைத்தான்
அவர்கள் கடந்துகொண்டிருக்கிறார்கள்.
ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை மற்றக் கந்தோர் வந்தது.
தொல்பொருள்காரருக்குச் சிவப்புக் கோடு,
எங்களுக்கு நீலம்.
சிவப்புக்குள் ஆணி அடிக்கக் கூடாது.
நீலத்துக்குள் கொட்டில் போடக் கூடாது.
இரண்டும் ஒன்றையொன்று வெட்டுகிற முக்கோணத்தில்
எமிலியானாவின் வீடு.
வீடு என்றால்
இரண்டு அறை, ஒரு குசினி, தகரக் கூரை,
பின்னால் உடுப்புத் தோய்க்கிற கல்.

கல்லைத்தான் அவர்கள் சுற்றி நின்றார்கள்.
முருகைக்கல். ஒரு பக்கம் உளி பட்ட நேர்விளிம்பு.
சவுக்கார நுரையைத் தூரிகையால் ஒதுக்கியபோது
பாதி எழுத்தொன்று தெரிந்தது,
அல்லது எண்ணொன்று, அல்லது வெறும் கீறல்.
கோட்டைக் கல், அரசாங்கச் சொத்து என்றார் அதிகாரி.
படம் எடுத்தார்.
வெள்ளை மையால் 41 என்று எழுதினார்.

எமிலியானா கையை உதறிவிட்டுச் சொன்னாள்:
"எங்கட முதல் வீடு
கோட்டைக்குள்ள இருந்து வந்த செல்லிலதான் போனது.
பிறகு கோட்டை இடிஞ்சு கிடக்கேக்க
இவர் தள்ளுவண்டிலில நாலு கல்லு கொண்டந்தவர்.
கணக்குச் சரி எண்டுதான் நினைச்சம்."

மொழிபெயர்த்தவர் அதில் ஒரு வரியை விட்டுவிட்டார்.
நானும் திருத்தவில்லை.

படிவத்தில் ஒரு கட்டம்: மூல இடம்.
'தென்கிழக்குக் கொத்தளம்' என்று நிரப்பினார்கள்.
குனிந்து பார்த்தேன்.
கல்லின் சின்னச் சின்னக் கண்களுக்குள்
ஏதோவொரு சிப்பியின் உடைசல்
இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.
எந்த ஆண்டுக்குத் திருப்பி வைக்கப்போகிறார்கள் இதை?
கேட்கலாம்.
என் சம்பளம் கேள்விக்கு அல்ல.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.
எனக்கும் அந்த நடைபாதை வேணும்.
ஆறு மணிக்கு மேல் ஒரு பெண்
தனியாக இருந்து கடல் பார்க்க
இந்தக் கரையில் ஒரு வாங்கில் இல்லை.
வரைபடத்து மனிதர்களில் ஒருத்தியை
நானென்று ரகசியமாக வைத்திருக்கிறேன்,
மூன்றாவது விளக்கின் கீழ், குடை இல்லாமல்.

கோயில் மண்டபத்துக் கூட்டத்தில்
மடுத்தீன் கடைசியாக எழும்பினார்.
"வெளிச்சம் நல்லம். வாங்கிலும் நல்லம்.
வள்ளத்தை வாங்கிலிலயோ கட்டுறது?"
எல்லாரும் சிரித்தார்கள்.
பொறியியலாளரும் சிரித்தார், பிறகு குறிப்பெடுத்தார்.
தொல்பொருள் அதிகாரி சிரிக்கவில்லை;
அவருடைய கோட்டுக்குள்ளும்
வள்ளத்துக்கு இடம் இல்லை.
பழைய படங்களில் இந்தத் துறை முழுக்கப் பாய்மரம் என்று
சற்று முன்தான் அவரே காட்டியிருந்தார்.

பிஸ்கட் முடிந்தது. தேநீர் முடிந்தது.
தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு.

திங்கள் காலை சோளகம் தலைமயிரைப் பிய்க்க
மீண்டும் அளக்கப் போனோம்.
புள்ளி இப்போது அந்தக் கல்.
நடைபாதை அதைச் சுற்றி வளையுமாம், ஒன்றரை மீற்றர்.
கல்லைக் கண்ணாடிக்குள் வைப்பார்களாம்.
வீட்டைப் பற்றி வளைவு ஒன்றும் சொல்லவில்லை.

போனால், கல்லில் 41 இல்லை.
நாலு மட்டும் மங்கலாக,
ஒன்று சவுக்காரத்தோடு சாய்கடைக்குள் போய்விட்டது.
எமிலியானா நிமிரவில்லை.
"கொஞ்சம் பொறு பிள்ளை,
பள்ளிக்கூட உடுப்பு ஒண்டு கிடக்கு."

பூச்சியத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
வெள்ளைச் சட்டை கல்லில் விழுந்தது, எழும்பியது, விழுந்தது.
அந்த முனையில் நாடா இழுபட்டது.
"சரியா?" என்று காற்றுக்கு மேலால் கத்தினார் அவர்.

இல்லை என்று கை காட்டினேன்.